கூன்ஸ் கடைக்கு ஒரு நட்சத்திரம்

லேமர் கூன்ஸின் துப்பாக்கிக் கடையைப் பற்றி இணையத்தில் இதுவரை பதினான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். பதின்மூன்று பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். அதில் நான்கு பேர் அவனுடைய மைத்துனிகள் என்பது இருக்கட்டும். பதினான்காவது ஆள் கொடுத்தது ஒன்று. அதை லேமரே அச்செடுத்து, கல்லாவுக்குப் பக்கத்தில், பீட்ரூட் சாற்றில் ஊறும் முட்டை ஜாடிக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறான். வருகிறவர்கள் முட்டை எடுக்கும்போதெல்லாம் படிக்கிறார்கள்.

"முப்பத்தொரு வருஷ வாடிக்கையாளன். உதிரி பாகம் வரவில்லை என்று பதினோரு வாரம் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னார்கள். காபி நன்றாக இருக்கும். ஒரு நட்சத்திரமும் கொடுக்க விருப்பமில்லை, ஆனால் இந்தக் கம்ப்யூட்டர் அதற்கு விடவில்லை. ஆ. ஷெர்க்."

ஆர்லன் ஷெர்க். நானும் அவனும் லேமரும் ஆர்லனின் மனைவி நோரீனும் ஒரே பள்ளிப் பேருந்தில் போனவர்கள். அதனால் எனக்கு எல்லோரும் அவன்தான், அவள்தான். என் பியூட்டி பார்லர் லேமர் கடைக்கு நேர் எதிரே. நடுவில் டேனர்ஸ் ரன் ஊரின் ஒரே தெரு. என் கண்ணாடி அகலம், அவன் கண்ணாடியும் அகலம். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் தெரியும். நான் அப்படி நினைத்ததில்லை.

லேமரிடம் சாமான் வாங்குவது சுலபமில்லை. பிட்ஸ்பர்க் பக்கத்திலிருந்து ஒருவன், விலைச்சீட்டின் நூல் கூட அறுபடாத வேட்டை ஜாக்கெட்டோடு வந்து, கடையிலேயே பெரிய ரைஃபிளைக் காட்டச் சொன்னான்.

"எதைச் சுடப் போறே?" என்று கேட்டான் லேமர்.

"மான்."

"மானையா, மான் நிக்கிற மலையையா?"

கடைசியில் பாதி விலைக்கு ஒரு பழைய ரைஃபிளைக் காட்டி, அதையும் அன்றைக்கு விற்காமல், "முதல்ல பின்னாடி வந்து நாலு ரவுண்டு சுட்டுக் காட்டு" என்று அழைத்துப் போனான். அந்தப் பிட்ஸ்பர்க்காரன் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறான். அடி வாங்கியவன்தான் அதிகம் புகழ்கிறான்.

ஆனால் பழுது பார்ப்பதில் லேமரை யாரும் குறை சொன்னதில்லை. கடைக்குள் நுழைந்ததும் ஒரு பலகை தெரியும்: செப்டம்பருக்கு முன்னால் கொடுத்தால், மான் வேட்டை தொடங்கும் நாளுக்கு முன்னால் கையில். இல்லாவிட்டால் கூலி வேண்டாம். முப்பத்தொரு வருடத்தில் ஒருமுறை கூட அவன் கூலியை விட்டதில்லை. அது மட்டுமில்லை. எந்த ரைஃபிளைச் சரிசெய்தாலும் கடைக்குப் பின்னால் மண்மேட்டில் குறிக்காகிதம் ஒன்றை நிறுத்தி மூன்று ரவுண்டு சுட்டுப் பார்ப்பான். அந்தக் காகிதத்தில் சொந்தக்காரர் பெயரையும் தேதியையும் எழுதிச் சுவரில் குத்துவான். நவம்பர் வந்தால் அந்தச் சுவர் முழுக்கக் காகிதம். ஆண்கள் வந்து அதன் முன்னால் நின்று, மற்றவனுடைய ஓட்டைகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள்.

போன வருடம் ஆகஸ்ட் கடைசிச் செவ்வாய்க்கிழமை ஆர்லன் தன் ரைஃபிளைக் கொண்டுவந்து கொடுத்தான். சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே இழுக்கும் சின்னக் கொக்கி உடைந்திருந்தது. அரைமணி நேர வேலை.

ஜூன் மாதம் காகித ஆலையை மூடியிருந்தார்கள். ஆர்லன் அங்கே முப்பத்து மூன்று வருடம் மூன்றாம் இயந்திரத்தில் நின்றவன். வேறு ஆண்கள் குடித்தார்கள், கத்தினார்கள், ஒருவன் தன் படகை விற்றுவிட்டு மறுவாரமே திரும்ப வாங்கினான். ஆர்லன் எதுவும் செய்யவில்லை. கொட்டகையைப் பெருக்கினான். தூண்டில்களை எல்லாம் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுத்தான். "பரவாயில்லையே, தாராள மனசு" என்று நாங்கள் பேசிக்கொண்டோம். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நோரீன் வழக்கம்போல் வந்தாள். முடியைச் சுருட்டும் சுருளைகளில் பாதியை அவள் தலையில் மாட்டியிருந்தேன். கைப்பையைத் திறந்து ஒரு பள்ளி நோட்டை எடுத்தாள்.

"டோட்டி, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லு."

"சொல்லமாட்டேன்" என்றேன். அப்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

"இதப் படி."

ஆர்லனின் கையெழுத்து. எல்லாம் பெரிய எழுத்தில், ஆலையில் இயந்திரத்தின் மேல் எழுதி ஒட்டுவதுபோல. வீட்டைச் சூடாக்கும் அடுப்புக்குக் காற்று வடிகட்டி பதினாறு அங்குலத்துக்கு இருபத்தைந்து, அக்டோபரிலும் ஜனவரியிலும் மாற்றவும். கிணற்று மோட்டார் நின்றுபோனால் நீல சுவிட்ச், கறுப்பு அல்ல. பனி தள்ள பட் ஹைனியின் மருமகனைக் கூப்பிடு, இருபது டாலருக்கு மேல் கொடுக்காதே. தக்காளிக் குச்சிகள் கொட்டகையில் இடது பக்கம்.

"ஒழுங்கான மனுஷன்" என்றேன், அசட்டுத்தனமாக.

"ஒழுங்குதான்" என்றாள் நோரீன். கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "முப்பத்து நாலு வருஷக் கல்யாணம். எனக்கு விட்டுட்டுப் போறதுக்கு வடிகட்டியோட அளவை எழுதிட்டு இருக்கான். ஒரு வார்த்தை எங்கிட்டப் பேசல, டோட்டி. நோட்டுகிட்டப் பேசியிருக்கான்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"வீட்டுல மத்த துப்பாக்கி?"

"நிலவறையில ஈரம் ஏறுதுன்னு சொல்லி எல்லாத்தையும் என் தம்பி வீட்டுக்கு ஏத்தியனுப்பிட்டேன். சரின்னுட்டான். இந்த ரைஃபிள் ஒண்ணுதான் பாக்கி. அதை அவனே கொண்டுபோய் ரிப்பேருக்குக் குடுத்திருக்கான்."

அவள் எழுந்தாள். கழுத்தில் என் துணி, தலையில் பாதி சுருளை, பாதி ஈரம். அப்படியே தெருவைத் தாண்டினாள். மரம் ஏற்றிய லாரி ஒன்று அவளுக்காக நின்றது. நானும் பின்னாலேயே போனேன். போகாமல் என்ன செய்வது?

லேமர் கடையில் பட் ஹைனி மட்டும் அடுப்போரம் உட்கார்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயது. காலை ஆறரைக்கு வந்தால் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்து போகிறவர். இதுவரை அந்தக் கடையில் அவர் வாங்கியது ஒரு தொப்பி.

"லேமர், ஆர்லனோட ரைஃபிளைத் திருப்பிக் குடுக்காதே" என்றாள் நோரீன்.

லேமர் அவள் தலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நோட்டை வாங்கிப் படித்தான். மெதுவாகப் படிப்பவன். கடைசிப் பக்கம் வரை படித்தான்.

"நேரா கேட்டியா அவனை?"

"கேட்டேன். சும்மா ஒழுங்கா இருக்கட்டும்னு எழுதினேங்கிறான். டாக்டர்கிட்டப் போலாம்னா, எனக்கென்ன காய்ச்சலாங்கிறான்."

"ரைஃபிள் அவனுது, நோரீன். கேட்டா நான் என்ன சொல்றது?"

"ரிப்பேர் ஆகலன்னு சொல்லு. சாமான் வரலன்னு சொல்லு."

"அந்தப் போர்டைப் பாரு. நான் எப்பவாவது..."

"போர்டைப் பாக்கச் சொல்றியா? நீ நோட்டைப் பாரு!"

லேமர் நோட்டை மூடினான். "சரி" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு அவன் காது சிவந்துபோயிற்று.

பட் ஹைனி எழுந்து கதவருகில் வந்தார். "நான் இதைக் கேக்கவே இல்ல" என்றார். பன்னிரண்டு மணிக்குள் அவர் மருமகனுக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், என் நாற்காலியில் உட்கார்ந்த மூன்று பெண்களுக்கும் தெரியும். ஒருத்தரிடமும் விவரமாகச் சொல்லவில்லை. விவரமாகக் கேட்டார்கள், இல்லையென்று சொல்லவில்லை.

செப்டம்பர் இரண்டாம் வாரம் ஆர்லன் வந்தான். முகத்தில் நாலு நாள் தாடி.

"ஆச்சா?"

"கொக்கி வரணும்" என்றான் லேமர், கல்லாவைத் துடைத்துக்கொண்டே.

"அவ்வளவுதானே. டிராயர்ல வச்சிருப்பியே நீ?"

"இந்த மாடலுக்கு இல்ல."

"பழைய மாடல்டா, ஆர்லன்" என்று பட் உள்ளே புகுந்தார். யாரும் கேட்கவில்லை. "பின்லாந்துலேருந்து வரணுமாம்."

"பின்லாந்தா? துப்பாக்கி செஞ்சது இங்கேயே, கனெக்டிகட்ல."

"கொக்கி மட்டும் பின்லாந்து" என்றார் பட்.

அப்படி ஆரம்பித்தது. அடுத்த வாரம் கப்பல் துறைமுகத்தில் நின்றது. அதற்கடுத்த வாரம் கப்பல் வந்தது, பெட்டி தொலைந்தது. பெட்டி கிடைத்தபோது உள்ளே இடதுகைக்காரர்களுக்கான கொக்கி இருந்தது. அதைக் கேட்டு லேமரே சிரிப்பை மறைக்கத் திரும்பி நின்றுகொண்டான். பட் ஹைனிக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலை கிடைத்திருந்தது. காலையில் அன்றைய கதையைத் தயார் செய்துகொண்டு வந்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆர்லன் வண்டி திரும்புவது தெரிந்தால், "வர்றான், வர்றான், இன்னைக்குப் பெட்டி எங்க இருக்கு?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். நானும் காபி வாங்கும் சாக்கில் போய் உட்கார்ந்திருக்கிறேன். நல்ல காரியத்துக்காகப் பொய் சொல்கிறோம் என்று முதல் இரண்டு வாரம் நெஞ்சு கனத்தது. பிறகு சிரிப்பாகத்தான் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆர்லனுக்குக் கோபம் வந்தது. செவ்வாய் ஒருமுறை, வெள்ளி ஒருமுறை வந்து சண்டை போட்டான்.

"உடைஞ்சபடியே குடு. லாக் ஹேவன் டவுன்ல ரிப்பேர் பண்றவன் ஒருத்தன் இருக்கான், அவன்கிட்டப் பாத்துக்கறேன்."

"அக்கக்காப் பிரிச்சு வச்சிருக்கேன்டா. பாதியில எப்படித் தர்றது?"

"உனக்கு வயசாயிடுச்சு, லேமர். கடையை மூடிட்டுக் கோழி வளத்துக்கோ."

"கோழிக்கு உன்ன மாதிரி வாய் கிடையாது. அது மட்டும் நிம்மதி."

ஒரு வெள்ளிக்கிழமை நோரீன் முடி உலர்த்தும் டிரையருக்கு அடியில் உட்கார்ந்து, அந்த இரைச்சலுக்கு மேலே கத்தினாள்: "டோட்டி, சவரம் பண்ணிக்கிறான்!"

"என்ன?"

"செவ்வாயும் வெள்ளியும்! லேமர்கிட்டச் சண்டைக்குப் போற அன்னைக்கு மட்டும் எந்திரிச்சுக் குளிச்சுச் சவரம் பண்ணிக்கிறான். மத்த நாளெல்லாம் அதே சட்டை. நேத்து மான்கறி பலோனித் துண்டு வச்சு ரெண்டு ரொட்டி சாப்பிட்டான். லேமர் ஒரு திருட்டுப்பயல்னு சொல்லிக்கிட்டே சாப்பிட்டான்."

நான் அதைப் போய் லேமரிடம் சொன்னேன். அதன் பிறகு ஆர்லன் உள்ளே வந்தால், முதலில் அவன் தாடையைத்தான் லேமர் பார்த்தான்.

இனி நடந்தது லேமரின் முட்டாள்தனம். வேறு ஊர்க் கடைக்காரன் யாரும் இப்படி மாட்டிக்கொண்டிருக்க மாட்டான். பிரித்து வைத்திருக்கிறேன் என்று அவன் சொன்னானே, அது பொய். உடைந்த துப்பாக்கி ஒன்று மேசையில் கிடந்தால் அவனுக்குத் தூக்கம் வராது. செப்டம்பர் ஆறாம் தேதியே, டிராயரில் இருந்த கொக்கியைப் போட்டுச் சரிசெய்துவிட்டான். சரிசெய்தால் சுட்டுப் பார்க்க வேண்டும். சுட்டான். மூன்று ஓட்டைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன; மேலே ஒரு கால் டாலர் காசை வைத்தால் மூடிவிடும். அந்த வருடத்திலேயே அதைவிட நல்ல காகிதம் அந்தக் கடையில் இல்லை. கிழித்துப் போட்டிருக்கலாம். அடுப்பில் போட்டிருக்கலாம். லேமரால் முடியவில்லை. பெயரையும் தேதியையும் எழுதி, சுவரில் டயர் கம்பெனி காலண்டருக்கு அடியில் குத்தி வைத்தான். நம்பிக்கையானவர்களுக்குக் காலண்டரைத் தூக்கிக் காட்டுவான். எனக்கும் காட்டினான்.

நவம்பர் பன்னிரண்டு, செவ்வாய். கடை நிறைய ஆட்கள், எல்லோரும் துப்பாக்கி வாங்கிப் போக வந்தவர்கள். நான் காபிக் கோப்பையோடு முட்டை ஜாடிக்குப் பக்கத்தில் நின்றேன். ஆர்லன் வந்தான். சவரம் செய்திருந்தான்.

"மான் வேட்டைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு, லேமர்?"

"இருக்கு, இருக்கு."

"எத்தனைன்னு கேட்டேன். கூலி வேணாம்னு போர்டு போட்டிருக்கியே, ரைஃபிளே வேணாம்னு எழுதிடு." காலண்டரைப் பார்த்தான். "என்னடா இது, இன்னும் அக்டோபர்லயே இருக்கே?"

கையை நீட்டித் தாளைத் திருப்பினான். பட் ஹைனி, "ஆர்லன், முட்டை சாப்பிடுறியா?" என்றார். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. காலண்டர் ஆணியிலிருந்து கழன்று அவன் கையோடு வந்துவிட்டது.

காகிதத்தை அவன் வெகுநேரம் பார்த்தான். மூன்று ஓட்டைகள். ஷெர்க். செப்டம்பர் 6. முதலில் அவன் விரல் அந்த ஓட்டைகளைத்தான் தொட்டது. அவனும் இந்த ஊர்க்காரன்தானே.

"நல்லாச் சுட்டிருக்கே" என்றான்.

"ஆர்லன்..." என்றான் லேமர்.

"கப்பல் எங்கடா நின்னுச்சு?"

பட் ஹைனி அடுப்பைத் திறந்து ஒரு கட்டையைப் போட்டார்.

"பெருசு, நீங்க சொல்லுங்க. இடதுகைக் கொக்கின்னீங்களே? நான் வீட்டுக்குப் போய் அதை நோரீன்கிட்டச் சொல்லிச் சிரிச்சேன். அவளும் சிரிச்சா." அங்கே நிறுத்தினான். அவளும் இதில் கூட்டு என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. "அவளும் சிரிச்சா" என்றான் மறுபடி, மெதுவாக.

லேமர் கல்லாவைச் சுற்றி வெளியே வந்தான். "அவ பயந்து போயிருந்தாடா. நோட்டைக் கொண்டுவந்து காட்டினா. நாங்களும் பயந்துட்டோம்."

"நாங்கன்னா?"

கடையைச் சுற்றிப் பார்த்தான். ஒவ்வொருவரும் ஒரு துப்பாக்கியை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அவன் கண் கடைசியில் என்னிடம் வந்து நின்றது.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவ தலைக்குச் சுருளை மாட்டிட்டு இதைத்தான் பேசினீங்களா, டோட்டி?"

நான் ஜாடியைத் திறந்து, வேண்டாத ஒரு முட்டையை எடுத்தேன்.

"பயமா இருந்தா, பயமா இருக்குன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே, லேமர்" என்றான். கத்தவில்லை. "முப்பத்தொரு வருஷம். இந்த ஸ்டூல்ல உக்காந்து எங்கப்பா செத்ததச் சொன்னேன் உங்கிட்ட. ஒரு நாள் கதவைச் சாத்திட்டு, டேய் ஆர்லன், நீ செத்துருவியோன்னு பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா... நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது. ஆனா நீ கேக்கல. எனக்குப் பின்லாந்துன்னு கதை சொன்னே. நான் போனதும் சிரிச்சீங்க."

"சிரிக்கல" என்றார் பட்.

"சிரிச்சோம்" என்றான் லேமர்.

உள்ளே போய் ரைஃபிளைக் கொண்டுவந்து கல்லாமேல் வைத்தான். எண்ணெய் மினுமினுத்தது. "உன்னுது. வச்சுக்கறதுக்கு எனக்கு உரிமை இல்ல." பிறகு எல்லோரும் பார்க்க, பின்பக்கத்து போல்ட்டை உருவி எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானைப் போட்டான். போல்ட் இல்லாத ரைஃபிள் வெறும் குழாய். "வேட்டை தொடங்குற அன்னைக்குக் காலைல இதை நானே கொண்டுவந்து தர்றேன். உன்கூட நாள் முழுக்க உக்காந்திருப்பேன். சாயங்காலம் திரும்ப வாங்கிக்குவேன். இந்தத் தடவை மூஞ்சிக்கு நேரா சொல்றேன். பயமா இருக்குடா எனக்கு."

ஆர்லன் ரைஃபிளைத் தொடவில்லை. காலண்டரைக் கொண்டுபோய்த் திரும்ப ஆணியில் மாட்டினான், நவம்பர் தெரியும்படி. போய்விட்டான்.

லேமர் உடனே நோரீனுக்குப் போன் செய்தான். அங்கே நடந்ததை நோரீன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சமையலறை மேசையில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாளாம்.

"என்னை ஊர் சிரிக்க வச்சுட்டியே" என்றானாம் ஆர்லன்.

"வச்சேன். நீ என்னை ஊரோட சேத்து அழ வைக்கப் பாத்தே."

"இது உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு எழுதினது."

"நீ இல்லாதப்போ படிக்கிறதுக்கு எழுதினது. யாரு யாரை முதல்ல ஏமாத்தினது, ஆர்லன்? நீயே சொல்லு."

அவன் போர்வையையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு முற்றத்தில் நின்ற, படுக்கை வசதியுள்ள கேம்பர் வண்டிக்குள் போய்ப் படுத்துவிட்டான். நோரீன் தட்டில் சாப்பாடு கொண்டுபோய்ப் படியில் வைத்தாள். தட்டு காலியாகத் திரும்பி வந்தது, பேச்சு வரவில்லை. இராத்திரியில் மூன்று முறை எழுந்து ஜன்னல் வழியே கேம்பரின் விளக்கைப் பார்த்தாள்.

மான் வேட்டை தொடங்கும் நாள். முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக லேமர் கடை அன்றைக்குப் பூட்டியிருந்தது. விடிவதற்கு முன்னால், ஆர்லன் வீட்டுப் பாதையின் முனையில் வண்டியை நிறுத்தி, ரைஃபிள் பக்கத்து இருக்கையில், போல்ட் சட்டைப்பையில், இரண்டு குடுவை காபியோடு உட்கார்ந்திருந்தான். மலையில் சுற்றிலும் வெடிச்சத்தம் கேட்டது. பனி விழுந்து கண்ணாடியை மூடியது. துடைத்துக்கொண்டே இருந்தான். கேம்பரின் திரை இரண்டுமுறை அசைந்ததை நோரீன் பார்த்தாள். கதவு திறக்கவில்லை. மதியம் வரை இருந்துவிட்டு லேமர் திரும்பிப் போனான். அன்று சாயங்காலம்தான் அந்த ஒரு நட்சத்திரம் விழுந்தது.

டிசம்பர் கடைசியில் கேம்பரின் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தது. ஆர்லன் வீட்டுக்குள் வந்தான், ஆனால் மாடி அறைக்கு. ஜனவரியில் நோரீன் வண்டியைக் கிளப்பி, டாக்டரிடம் வந்தால்தான் நிறுத்துவேன் என்று வீட்டு முன்னால் இருபது நிமிடம் ஹாரன் அடித்தாள். பக்கத்து வீட்டுக்காரனின் நாய் விடாமல் ஊளையிட்டது, அவன் போலீசைக் கூப்பிடப் போனான். ஆர்லன் வெளியே வந்து ஏறிக்கொண்டான். "உனக்காக இல்ல, அந்தாளோட நாய்க்காக" என்றானாம். அதற்கப்புறம் மாதம் இரண்டு முறை போகிறான். வசந்தத்தில் மர அறுப்பு ஆலை ஒன்றில் வேலை கிடைத்தது.

வேலைக்குப் போகும் வழி எங்கள் தெருதான். ஏழு பத்துக்கு அவன் வண்டி கடக்கும். இந்த ஊரில் எதிரே யார் வந்தாலும், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்தி வணக்கம் சொல்வார்கள். செத்தாலும் மறக்காத பழக்கம். லேமர் கடையைத் தாண்டும்போது ஆர்லனின் பத்து விரலும் ஸ்டியரிங்கில் ஒட்டியிருக்கும். முகம் நேராக இருக்கும். ஒரு தொப்பி வாங்கக்கூட லாக் ஹேவனுக்கு நாற்பது மைல் போனான். எனக்கும் விரல் கிடையாது. நோரீன் வெள்ளிக்கிழமை இப்போது வேறு பார்லருக்குப் போகிறாள். அவன் சொன்னதாலா, அவளாகவா என்று தெரியவில்லை. கேட்க எனக்கு முகமில்லை.

லேமர் தினமும் ஏழு ஐந்துக்குக் காபிக் குடுவையோடு கண்ணாடியருகே வந்து நிற்பான். வண்டி கடந்ததும், "போயிட்டான்" என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் ஊற்றுவான். பட் ஹைனி ஒருநாள் பொறுக்காமல், "அவன்கிட்டச் சொல்லி அந்த ஒரு நட்சத்திரத்தையாவது எடுக்கச் சொல்லேன்டா. வியாபாரம் கெடுதுல்ல?" என்றார்.

"உள்ளத எழுதியிருக்கான். விடுங்க" என்றான் லேமர். ஆர்லனின் ரைஃபிள் பின்னறைத் தாங்கியில் இருந்தது, அவன் பெயர்ச்சீட்டு கட்டியபடி. மாதம் ஒருமுறை எண்ணெய் போட்டான்.

இந்த நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை, நானும் அங்கே இருந்தேன். ஏழு பத்து. தரையில் உறைபனி. வண்டி வந்தது. கடைக்கு எதிரே வந்ததும் வேகம் குறைந்தது. ஆர்லன் முகத்தைத் திருப்பி, ஒரு வருடத்தில் முதல்முறையாக, லேமரை நேராகப் பார்த்தான். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் எழுந்தது.

நடுவிரல்.

நன்றாக, நிதானமாக, கடை முழுக்கத் தாண்டும் வரை அதைப் பிடித்திருந்தான்.

"என்ன திமிரு பாருங்க!" என்று பட் ஹைனி ஸ்டூலிலிருந்து எழுந்தார். "பட்டப்பகல்ல, பொம்பளை இருக்கிற இடத்துல!"

லேமர் திரும்பினான். கண்ணாடியைப் புறங்கையால் துடைத்துவிட்டு, வண்டி திருப்பத்தில் மறையும் வரை மறுபடி பார்த்தான்.

"கவனிச்சீங்களா?" என்றான். "சவரம் பண்ணியிருந்தான்."